கடன் வாங்கியவர் வெளிநாடு போய்விட்டாரா? பணத்தைத் திரும்ப வாங்க முழு வழிகாட்டி

2015 ஜூன் 12ஆம் தேதி எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்குத் தளம் போடப் பணம் பத்தவில்லை என்றார், புரோ நோட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நவம்பரில் ஷார்ஜா போய்விட்டார். அடுத்த வருடம் நான்கு மாதம் பத்தாயிரம் பத்தாயிரமாக அனுப்பினார். அப்புறம் போன் எடுப்பது நின்றது. கொஞ்ச நாளில் வாட்ஸப்பில் அவர் படமும் தெரியாமல் போனது.

அந்தப் பணத்தை வாங்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அதில் பாதி, எங்கே போவது யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நானே வீணாக்கிய காலம். உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கொடுத்த கடன், வாங்கியவர் இப்போது துபாயிலோ சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கிறார், கொடுத்தவர் ஊரிலேயே இருக்கிறார். இந்த நிலைமைக்குத்தான் இந்த வழிகாட்டி.

ஆள் வெளிநாட்டில் இருக்கிறார் என்றதும் எல்லாருக்கும் மனசு அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது. துபாய் போலீசில் புகார் கொடுக்கலாமா, எம்பசிக்கு எழுதலாமா, அவர் கம்பெனிக்கு மெயில் போடலாமா என்று. நான் பார்த்தவரை பணம் திரும்பி வருவது பெரும்பாலும் ஊரில் அவர் விட்டுப்போனவற்றில் இருந்துதான்: போட்ட கையெழுத்து, கொடுத்த செக், ஜாமீன் போட்ட ஆள், பேரில் இருக்கும் இடம், இங்குள்ள பேங்க் கணக்கு. அதனால் முதலில் ஊரில் தேடுங்கள்.

முதல் வேலை: தேதியைப் பாருங்கள்

பீரோவைத் திறந்து புரோ நோட்டை எடுங்கள். எங்கள் வக்கீல் அதை வாங்கியதும் தொகையைக்கூடப் பார்க்கவில்லை, கண் நேராகத் தேதிக்குத்தான் போனது. நான் அவரிடம் போனது 2018 மார்ச்சில். "இன்னும் மூணு மாசம் இருக்கு, பொழைச்சீங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். கடன் வழக்குக்குக் காலவரையறை மூன்று வருடம். அந்த மூன்று வருடம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய புரோ நோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து கணக்கு இல்லை, நோட்டு எழுதிய நாளிலிருந்தே கணக்கு. கைமாத்தாகக் கொடுத்த பணத்துக்கும் கொடுத்த நாளிலிருந்துதான். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று தேதி குறித்து எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து.

இங்கே வெளிநாடு போனவர்கள் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, 5ஆவது உட்பிரிவு, பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தை இந்த மூன்று வருடத்திலிருந்து கழித்துவிட வேண்டும் என்கிறது. அதாவது ஒரு வருடம் ஊரில் இருந்துவிட்டு மூன்று வருடம் துபாயில் இருந்தால், கணக்கில் ஓடியது ஒரு வருடம்தான். மூன்று வருடம் தாண்டிவிட்டது என்று கைவிட்டவர்கள் இதை வக்கீலிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் அவர் எப்போது போனார், இடையில் எத்தனை தடவை வந்து எவ்வளவு நாள் தங்கினார் என்பதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதனால் மூன்று வருடம் முடியாதவர்கள் இதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள், முடிவதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

காலத்தை நீட்டிக்க வேறு வழியும் உண்டு. மூன்று வருடம் முடிவதற்குள் அவர் "இன்ன தேதியில் இவ்வளவு வாங்கினேன், பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். கொஞ்சம் பணம் கட்டினாலும் நீளும், ஆனால் கட்டியதற்கு அவர் கைப்பட எழுதியதோ கையெழுத்திட்டதோ ஏதாவது இருக்க வேண்டும். வெறுமனே பேங்கில் வந்து விழுந்த பத்தாயிரத்தை "அது வேறு கணக்கு" என்று அவர் பிறகு சொல்லிவிடலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று வருடம் முடிந்த பிறகு எழுதி வாங்குவதானால் "பாக்கி இருக்கிறது" என்பது போதாது, "தருகிறேன்" என்ற வாக்கும் கையெழுத்தும் வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்கிறது.

கையில் என்ன இருக்கிறது

புரோ நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் ஏறும்படி கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோ நோட்டைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது, பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. அப்போது பணம் கொடுத்ததை வேறு ஆதாரங்களை வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். ஸ்டாம்ப் சரியாக இருந்து, கையெழுத்து அவருடையதுதான் என்று ஆகிவிட்டால் பணம் கைமாறியது என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது அவர். தயவுசெய்து அதில் எதையும் திருத்தாதீர்கள். தேதியில் ஒரு எண்ணை மாற்றினாலும் நோட்டே செல்லாமல் போகும், அதோடு நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிவரும்.

புரோ நோட்டு இல்லை, நம்பிக்கையில் கொடுத்தது என்றால்? பேங்க் ஸ்டேட்மெண்ட், ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு, போனில் வந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாமே ஆதாரம்தான். வாட்ஸப்பை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023ஆம் வருடப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அசல் போன் கையில் இருப்பது நல்லது. சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். அவர் உங்களை பிளாக் செய்வதற்கு முன்பே, சண்டை போடாமல் ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்க்கலாம்: "தம்பி, 2023 மார்ச்சில் கொடுத்த இரண்டு லட்சத்தில் இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி இருக்கே, எப்போ அனுப்ப முடியும்?" இதற்கு "அடுத்த மாசம் பார்க்கிறேன்ணே" என்று ஒரு வரி பதில் வந்தால்கூடப் பெரிய உதவி. கோபமாக எழுதினால் பதிலே வராது.

ரொக்கமாகக் கொடுத்ததுதான் சிக்கல். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அந்த அபராதம் வாங்கியவருக்குத்தான். ஆனால் "உங்களிடம் அவ்வளவு ரொக்கம் ஏது?" என்ற கேள்வி கோர்ட்டில் உங்களைப் பார்த்துத்தான் வரும். நகை அடகு வைத்த ரசீது, நெல் விற்ற சீட்டு, சீட்டுப் பணம் எடுத்த விவரம் என எதில் இருந்து எடுத்துக் கொடுத்தீர்களோ அந்தக் காகிதத்தைத் தேடி வையுங்கள்.

ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது

நான் அதிகம் பாடுபட்டது இந்த வேலைக்குத்தான், பலன் கொடுத்ததும் இதுதான்.

பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், சர்வே எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே முடியும். சர்வே எண் தெரியாவிட்டால் அந்தத் தெருவில் பழைய பத்திரம் எழுதியவரோ பக்கத்து மனைக்காரரோ சொல்லிவிடுவார். பட்டா யார் பேரில் என்பதையும் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தபோது அந்த வீடு அவர் அப்பா பேரில் இருந்தது, கடன்காரர் பேரில் ஒன்றுமே இல்லை என்று ஓய்ந்துபோனேன். வக்கீல்தான் அவர் வேறு எங்காவது மனை வாங்கினாரா என்று விசாரிக்கச் சொன்னார். விசாரித்தால் ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் மூன்றரை சென்ட் பிளாட் ஒன்று 2013ல் அவர் பேரில் பதிவாகியிருந்தது. வில்லங்கச் சான்றில் அந்த ஒரு வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மகன் வாங்கிய கடனுக்கு அப்பாவோ, கணவன் வாங்கியதற்கு மனைவியோ பொறுப்பில்லை, அவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய. அப்பா உயிரோடிருக்க அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டைத் தொட முடியாது. பூர்வீகச் சொத்தில் அவருக்குள்ள பங்கு வேறு விஷயம், அதை ஜப்தி செய்யக் கேட்கலாம்.

அப்புறம் அவர் அனுப்பிய பழைய தவணைகள். உங்கள் பாஸ்புக்கில் அந்த வரியைப் பாருங்கள், எந்தப் பேங்கின் என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு) வந்தது என்று இருக்கும். அது இந்தியாவில் இருக்கும் கணக்கு, வழக்கில் ஜெயித்து டிகிரி (பணத்தைக் கொடு என்ற கோர்ட்டுத் தீர்ப்பாணை) வாங்கிய பிறகு அதை முடக்கக் கேட்க முடியும்.

ஜாமீன் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் துபாய்க்காரரைத் துரத்திவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்பதெல்லாம் கிடையாது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பெரும்பாலும் ஜாமீன் போட்டவர் நல்ல மனுஷராக இருப்பார். அவரிடம் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், தன் தலைக்கு வருகிறது என்று தெரிந்தால் அவரே கடன்காரரைத் தேடிப் பிடித்துவிடுவார்.

வக்கீல் நோட்டீஸ்

அவருடைய ஊர் விலாசம், பாஸ்போர்ட்டில் உள்ள விலாசம் தெரிந்தால் அது, வெளிநாட்டு விலாசம், மெயில், வாட்ஸப் என்று எல்லாவற்றுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஊர் விலாசத்துக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். வெளிநாட்டு விலாசம் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம், அவர் வேலை செய்யும் கம்பெனி பேர் ஃபேஸ்புக்கிலோ லிங்க்ட்இன்னிலோ இருக்கும், ஊருக்குப் பார்சல் அனுப்பிய கூரியர் அட்டையில் விலாசம் இருக்கும். வீட்டில் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் கவலை வேண்டாம், அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவே ஆதாரம்.

நோட்டீஸோடு சேர்த்து ஒரு வாய்ப்பும் கொடுங்கள். மாதத் தவணையாகத் தர விரும்பினால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம் என்று ஒரு பத்தி. அதற்கு அவர் எழுதும் பதில், நான் மேலே சொன்ன காலவரையறைக்கு உதவும். உண்டியலில் அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பேங்க் வழியாக மட்டும். உண்டியல் பணத்துக்கு ரசீதும் கிடையாது, அந்நியச் செலாவணிச் சட்டத்தில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

செக் இருந்தால்

அவர் கொடுத்த செக் உங்களிடம் இருந்தால் இது தனிப் பாதை, இதில் நாள் கணக்கு மிகக் கறார். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பி வந்த மெமோ கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த பிறகு 15 நாள் அவருக்கு அவகாசம். அது முடிந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். 2015ல் வந்த திருத்தத்தின்படி, உங்கள் கணக்கு இருக்கும் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம்.

வெளிநாடு போகிறவர்கள் கணக்கை மூடிவிட்டுப் போவது சகஜம். "கணக்கு மூடப்பட்டது" என்று திரும்பினாலும் இந்த வழக்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2018 முதல், வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இது ஏன் உறைக்கும் என்றால், சம்மனுக்கு வராமல் இருந்தால் பிடிவாரண்ட் பிறக்கும். கோர்ட்டின் வாரண்டோ சம்மனோ நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை முடக்கப் பாஸ்போர்ட் சட்டத்தின் 10ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கும்போது பல பேர் தாங்களாகவே பேச வருவார்கள்.

போலீஸ் புகார் பற்றி

நிறையப் பேர் முதலில் போவது ஸ்டேஷனுக்குத்தான். கடனைத் திருப்பித் தராதது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இல்லாத விசாவைக் காட்டி வாங்கினார், ஒரே இடத்தை நாலு பேரிடம் காட்டி வாங்கினார், பொய்யான பத்திரம் கொடுத்தார் என்பது போல இருந்தால் புகார் நிற்கும், மாவட்டக் குற்றப் பிரிவில் கொடுங்கள். வெறும் கைமாத்துக்கு "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான்.

இந்தியத் தூதரகமும் தனியார் கடனை வசூலித்துத் தராது. அங்கே மனு எழுதிவிட்டுக் காத்திருந்து காலவரையறையைக் கோட்டை விட்டவரை எனக்குத் தெரியும்.

சிவில் வழக்கு

அவர் ஷார்ஜாவில் இருக்கிறார், நான் எப்படி இங்கே வழக்குப் போடுவது என்று நானும் கேட்டேன். பணம் கொடுத்தது, நோட்டு எழுதியது இங்கே நடந்தது அல்லவா, அதனால் இங்குள்ள கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு.

செலவு: தமிழ்நாட்டில் 2017லிருந்து பண வழக்குக்குக் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், அதற்கு முன்பு 7.5 ஆக இருந்தது. ஐந்து லட்சத்துக்கு 15,000 ரூபாய். இதோடு வக்கீல் ஃபீஸ், அதை ஆரம்பத்திலேயே மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள், எக்ஸிகியூஷனும் (டிகிரியை நிறைவேற்றும் கட்டம்) சேர்த்தா இல்லையா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புரோ நோட்டு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37ன் கீழ் சுருக்க விசாரணை வழக்காகப் போடலாமா என்று கேளுங்கள். அதில் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் அவர் ஆஜராக வேண்டும், கோர்ட்டின் அனுமதி வாங்கித்தான் எதிர்வழக்காடவே முடியும்.

வட்டி: நோட்டில் எழுதிய வட்டியைக் கேட்கலாம், எதுவும் எழுதவில்லை என்றால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18 சதவீதம் என்கிறது. ஆனால் மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று எழுதி வாங்கியிருந்தால், 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் எதிர்ப்புகார் வரும், எச்சரிக்கையாக இருங்கள்.

வழக்கோடு சேர்த்தே போட வேண்டிய மனு ஒன்று இருக்கிறது. ஆர்டர் 38, ரூல் 5, அதாவது தீர்ப்புக்கு முன்பே ஜப்தி. வெளிநாட்டில் இருப்பவர் தம்பி பேருக்கோ மனைவி பேருக்கோ பவர் அனுப்பி, சத்தமில்லாமல் இடத்தை விற்றுவிட முடியும். விற்கப் பார்க்கிறார் என்பதற்கு ஏதாவது காட்ட முடிந்தால், புரோக்கரிடம் சொல்லியிருப்பது, விளம்பரம் வந்திருப்பது, பவர் பத்திரம் பதிவாகியிருப்பது எதுவானாலும், அதை அஃபிடவிட்டில் எழுதி அந்தச் சொத்தை ஜப்தி செய்யக் கேளுங்கள். வழக்கு நடக்கும் காலம் முழுவதும் மாதம் ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பார்ப்பதை விடாதீர்கள்.

சம்மன்: இங்கேதான் வெளிநாட்டு வழக்குகள் தேங்குகின்றன

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் வெளிநாட்டில் சம்மன் கொண்டுசேர்ப்பது பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கின்றன, இந்தியாவுக்கு அது 2007 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டெல்லியில் உள்ள சட்ட அமைச்சகம் வழியாகச் சம்மன் போகும். ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை, ஆனால் இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் 1999ல் போட்ட தனி ஒப்பந்தம் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடமும் ஆகும். மெயில் மூலமும் அனுப்பக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம்.

இதில் குறுக்குவழி தேடாதீர்கள். சம்மன் சரியாகச் சேரவில்லை என்றால், ஆஜராகாமல் வந்த எக்ஸ்பார்ட்டி டிகிரியை, தெரிய வந்த 30 நாளுக்குள் வந்து ரத்து செய்யக் கேட்கலாம், இரண்டு வருட உழைப்பு மறுபடி முதலில் இருந்து. எல்லாவற்றையும்விட நல்ல வழி, அவர் ஊருக்கு வரும்போது கையில் கொடுப்பது. தங்கச்சி கல்யாணம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, வீடு குடிபோவது, இப்படி எதற்காவது வராமல் இருக்க மாட்டார்கள். எங்கள் ஆள் 2019 தையில் தங்கை கல்யாணத்துக்கு வந்தார். வக்கீல் முன்பே கோர்ட்டில் மனுப் போட்டு வைத்திருந்தார், கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு அடுத்த நாள் காலை கோர்ட்டு அமீனா போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார். கல்யாணப் பந்தலில் கொடுக்கலாம் என்று எனக்கு ஆத்திரம் இருந்தது, வக்கீல் வேண்டவே வேண்டாம் என்றார். அந்தப் பெண் என்ன செய்தது என்று கேட்டார். அது சரிதான்.

அவர் திரும்பிப் போகும் முன் செக்யூரிட்டி கட்ட வைக்க ஆர்டர் 38ன் முதல் ரூலில் வழி இருக்கிறது. கடனைத் தள்ளிப்போடவே கோர்ட்டின் எல்லையை விட்டுப் போகிறார் என்று காட்ட வேண்டும், விமான டிக்கெட் தேதி தெரிந்தால் மனு பலமாக இருக்கும்.

டிகிரிக்குப் பிறகு

எங்கள் ஆள் கோர்ட்டுக்கு வரவில்லை, ஷார்ஜா திரும்பிவிட்டார். 2019 ஆகஸ்டில் எக்ஸ்பார்ட்டி டிகிரி. இங்கே எங்கள் வக்கீல் செய்த ஒரு காரியத்தை நீங்களும் வற்புறுத்துங்கள். எதிர்த்தரப்பு வராவிட்டாலும் என்னைக் கூண்டில் ஏற்றி, புரோ நோட்டை, பேங்க் ஸ்டேட்மெண்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்து, சாட்சியத்தைப் பரிசீலித்துத் தீர்ப்பு எழுதப்படும்படி பார்த்துக்கொண்டார். ஆஜராகவில்லை, அதனால் டிகிரி என்று மூன்று வரியில் எழுதிய தீர்ப்பை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் அங்குள்ள கோர்ட்டு எளிதில் மதிக்காது.

டிகிரி கையில் இருந்தால் 12 வருடம் உயிர் உண்டு. அதனால் இப்போது சொத்து இல்லை என்றாலும் டிகிரி வாங்கி வையுங்கள். நாளைக்கு அப்பா காலமாகி வீட்டில் பங்கு வரும், வயலில் பங்கு வரும், அன்று ஈ.பி., அதாவது டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு, போடலாம். ஈ.பி.யில் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம், பேங்க் கணக்கைப் பிடிக்கலாம், வசதி இருந்தும் வேண்டுமென்றே தரவில்லை என்று காட்டினால் சிவில் சிறைக்கும் கேட்கலாம். நிஜமாகவே இல்லாதவரைச் சிறையில் போட முடியாது, உச்ச நீதிமன்றம் 1980லேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஊரில் எதுவுமே இல்லை, அங்கே நல்ல சம்பளம் என்றால் அப்போதுதான் வெளிநாட்டுக் கோர்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பிரிட்டன், மலேசியா போன்ற நாடுகளில் இந்திய டிகிரியைப் பதிவு செய்து நிறைவேற்றச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. அமீரகத்தில் அந்த 1999 ஒப்பந்தத்தின் கீழ் கொண்டுபோகலாம், அரபி மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சக அட்டெஸ்டேஷன், அவர்கள் தூதரக முத்திரை என்று நிறைய வேலை. அமெரிக்கா, கனடாவில் அப்படிப் பரஸ்பர ஏற்பாடு இல்லை, இந்திய டிகிரியை ஆதாரமாக வைத்து அங்கே தனி வழக்குப் போட வேண்டும். நேரடியாக அங்கேயே சிறு வழக்குக் கோர்ட்டில் போடுவதானால் கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை, இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை. சிங்கப்பூரின் சிறு வழக்குத் தீர்ப்பாயம் கடன் வழக்கை எடுக்காது. இன்னொன்று, அங்கே போட்டால் காலவரையறை சிக்கல் வரலாம், ஒன்டாரியோவில் பொதுவாக இரண்டே வருடம். பத்து லட்சத்துக்குக் கீழே உள்ள தொகைக்கு வெளிநாட்டு வக்கீல் வைப்பது, என்னைக் கேட்டால், வேண்டாம்.

லோக் அதாலத்

தொகை சின்னது, வழக்குச் செலவு தாங்காது என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். ஃபீஸ் கிடையாது. அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும், கோர்ட்டு வளாகத்திலிருந்து வரும் காகிதம் என்பதால் குடும்பத்தில் பெரியவர்கள் பதறி வந்து பேசுவார்கள். அங்கே எழுதும் சமரசம் கோர்ட்டு டிகிரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கை லோக் அதாலத்தில் முடித்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். ஆனால் மனு கொடுத்துவிட்டோமே என்று காலவரையறையை மறந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

அவர் படத்தைப் போட்டு "மோசடிப் பேர்வழி" என்று ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். அமீரகத்தில் வாட்ஸப்பில் திட்டுவதே குற்றம், உங்களுக்காக அங்கே யாராவது உறவினர் அவருக்குக் கெட்ட வார்த்தையில் மெசேஜ் அனுப்பினால் மாட்டுவது அந்த உறவினர். வயதான அம்மா தனியாக இருக்கும் வீட்டு வாசலில் போய் உட்காராதீர்கள். பணத்தை வசூலித்துத் தருகிறேன், முன்பணம் கொடு என்று வருகிறவர்களிடம் இரண்டாவது தடவை ஏமாறாதீர்கள்.

பணம் வரும்போது

ஈ.பி.யில் அந்த பைபாஸ் பிளாட் ஜப்தியாகி, தண்டோரா போட்டு நோட்டீஸ் ஒட்டிய நாலாவது நாள் அவர் தம்பி என் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அந்த இடத்தை விற்றுத்தான் பிள்ளையை மெடிக்கல் காலேஜில் சேர்க்க இருக்கிறார், ஏலம் போனால் பாதி விலைக்குப் போகும் என்றார். வட்டியில் பாதியை விட்டுக்கொடுத்தேன், அசல் முழுவதும் கேட்டேன். இரண்டு தவணையில் பேங்க் மூலம் வந்தது, 2020 ஜனவரியில் முடிந்தது.

சமரசம் பேசினால் கோர்ட்டில் எழுதிப் பதிவு செய்யுங்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறும் முன் வழக்கை வாபஸ் வாங்காதீர்கள், ஜப்தியை நீக்கச் சம்மதிக்காதீர்கள், "அண்ணே நான் ஊரறிஞ்ச ஆளு" என்று எவ்வளவு கெஞ்சினாலும். திரும்பி வந்த அசலுக்கு வருமான வரி கிடையாது, வட்டிக்கு உண்டு, அதைக் கணக்கில் காட்டிவிடுங்கள். பணம் முழுவதும் வந்த பிறகு நீங்களும் உங்கள் பக்கத்தை உடனே முடித்துக் கொடுங்கள்: முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று கோர்ட்டில் மெமோ, ஜப்தியை நீக்க மனு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல். அவர் தம்பியோடு நானே சார்பதிவாளர் அலுவலகம் போய், புது வில்லங்கச் சான்றில் ஜப்தி நீங்கிய பதிவு ஏறியதைப் பார்த்துவிட்டு, வாசல் டீக்கடையில் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.